உன் பதிலுக்குக் கீழே எழுதப்போவது

அன்புள்ள தீபன்,

கடையைத் திறப்பதற்கு முன்னால், வாங்க வருகிறவள் மாதிரி ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும்மா என்று லிங்க் அனுப்பியிருந்தாய். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததைப் போனில் சொல்லியிருக்கலாம். போளூர் ஒன்றும் கண்காணாத தேசமில்லை, பஸ் ஏறி நேரிலேயே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியதில் ஒன்று, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதியில் "சாப்பிட்டியா" என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடக்கூடியது. என்னை உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். அந்த ஒன்று உன் கடையின் நான்காவது பக்கத்தைப் பற்றியது. அங்கே வந்து சேர்வதற்குள் மற்ற மூன்றையும் பார்த்துவிடுகிறேன். நீ கேட்டதும் அதைத்தானே.

முதல் பக்கம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. கடலை எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பின்னால் வெயில் விழுகிற மாதிரி உன் கூட்டாளி நவீன் எடுத்த படம் அழகு. ஆனால் அதில் எண்ணெய் தேன் மாதிரித் தெரிகிறது. பார்சலைப் பிரித்துப் பாட்டிலைக் கையில் எடுக்கிறவளுக்கு அந்த நிறம் கிடைக்காது. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அது எப்படி இருக்குமோ அப்படி ஒரு படமும் கூடவே போடுங்கள். நம் புடவைக் கடையின் முதல் மாதம் உனக்கு நினைவிருக்கும். வேலூரில் கல்லூரி சேர்ந்த வருடம், பொங்கல் லீவில் வந்து, அரிசி மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "ஆரம்பிப்பவர்களுக்கு" என்று தலைப்புப் போட்ட வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நான்கே நாளில் கடையைக் கட்டினாய். அதுவரை அப்பா நெய்ததெல்லாம் ஒரே முதலாளியின் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர் வைப்பது, படம் ஏற்றுவது, விலை போடுவது, கூரியர் செலவைச் சேர்ப்பது, ஆர்டர் வந்தால் எங்கே பார்ப்பது என்று எல்லாவற்றையும் எனக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு நீ ஹாஸ்டலுக்குப் போனாய். நான் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓர் அரக்குப் புடவையைப் படம் எடுத்து ஏற்றினேன். ஈரோட்டிலிருந்து வாங்கிய பெண், காப்பிப் பொடி நிறம்தானே கேட்டேன், சிவப்பை அனுப்பியிருக்கிறீர்களே என்று எழுதினாள். அப்பா போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். "இந்தப் படத்தைப் பாத்தா நெய்ஞ்ச நானே வாங்கமாட்டேன்" என்றார். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில்தான் படம். வெயில் ஏறியபின் ஜரிகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இரண்டாவது பக்கத்தில் எண்ணெயைப் பற்றி நீ எழுதியிருப்பதைப் படித்தேன். "தலைமுறைகளின் நம்பிக்கை" என்கிறாய். உனக்கும் நவீனுக்கும் சேர்த்து நாற்பத்து நான்கு வயது. வாங்குகிறவள் கேட்கப்போவது வேறு. எந்த ஊர்க் கடலை, எப்போது ஆட்டியது, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், அடியில் கசடு தங்கினால் பயப்பட வேண்டுமா, பாட்டில் உடைந்து வந்தால் யாருக்குப் போன் செய்வது. இவ்வளவுதான். நம் முதல் புடவைக்கு நீ "நளினத்தின் சிகரம்" என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு உன் அப்பா, "நீளம் எவ்ளோன்னு எழுதலியே, ரவிக்கத் துணி கூட வருதா வர்லியா?" என்றார். சிகரத்தை எடுத்துவிட்டு நீளத்தைப் போட்டோம். இரண்டு நாளில் விற்றது. நீளம் போட்டதால்தான் விற்றதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீளம் கேட்டு வந்த போன்கள் நின்றுபோயின.

மூன்றாவது பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கையிருப்பு நூறு என்று போட்டிருக்கிறாய். நூறு பாட்டில் இப்போது அறையில் இருக்கிறதா? ஆட்டப்போகிற கடலையையும் சேர்த்து எண்ணாதே. இதில் நான் பட்டிருக்கிறேன். தறியில் ஏற்றுகிற ஒரு பாவு நூலில் மூன்று புடவை என்று மனதில் வைத்துக்கொண்டு, தறியிலிருந்து முதல் புடவை இறங்கிய அன்றே கையிருப்பு என்ற கட்டத்தில் மூன்று என்று போட்டேன். ஒரே நாளில் மூன்றும் விற்றுவிட்டன. சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது இங்க தான் கீது பாரு, முழங்கை நீளத்துக்கு. மூணாவது இன்னும் நூலா கீது. கூரியர்காரனை வந்து எதிர்ல குந்திக்கினு இருக்கச் சொல்லு, ஒரு இருவது நாள்." இரண்டு பெண்களுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி காத்திருந்தாள். இன்னொருத்தி ஆர்டரை விட்டுவிட்டாள். இருப்பதை மட்டும் இருக்கிறது என்று சொல்வது, கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

இனி நான்காவது பக்கம். "விற்ற பொருள் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அங்கே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். ஏன் இவ்வளவு கடுமை என்று போனில் கேட்டேன். "திண்டிவனத்தம்மா மாதிரி ஒண்ணு வந்தா போதும்மா, கடையே பேஜார் ஆயிடும்" என்று சிரித்தாய். பின்னாலிருந்து நவீனும் சிரித்தான். அவனுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னும் யார் யாருக்கெல்லாம் சொல்லியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே அன்று சோற்றைக் குழைய விட்டுவிட்டேன்.

அந்தக் கதையை நீ சொல்கிறபடி முதலில் எழுதுகிறேன். திண்டிவனத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கும் சுகுணா என்ற அம்மா, தன் மகளின் முகூர்த்தத்துக்கு என்று சொல்லி, வெங்காயச் சருகு நிறத்தில் பச்சை பார்டர் போட்ட புடவையை நம் கடையில் வாங்கினார். ஐந்தாம் நாள் திருப்பி அனுப்பினார். தோள்பட்டையில் ஊசித் துளை இருக்கிறது, யாரோ கட்டிய புடவை இது, கட்டிய புடவையை முகூர்த்தத்துக்கு விற்கிறார்கள் என்று நம் கடையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதினார். நீ பணத்தைத் திருப்பிக் கொடுத்தாய். கூடவே அவர் எழுதியதற்குக் கீழே பதிலும் எழுதினாய். "ஏதாவது விசேஷத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். விற்கிற புடவையை எங்கள் வீட்டில் தோளில்கூடப் போட்டுப் பார்க்கமாட்டோம்." அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் போனில் படித்துக் காட்டினாய். சரியாம்மா என்று கேட்டாய். நான் "உம்" என்றேன்.

அந்தப் புடவையைக் கட்டியது நான்தான், தீபன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வந்தேன். இனி மிச்சத்தை எழுதுவது சுலபம். நீ சொல்லிக்கொடுத்த வீடியோ ஒன்றில், புடவையைக் கம்பியில் தொங்கவிட்ட படத்தைவிட ஒருவர் கட்டியிருக்கிற படம்தான் வாங்குகிறவரை நிறுத்தும் என்று சொன்னார்கள். அது நிஜம்தான். ஆனால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். தறியிலிருந்து இறங்கிய மடிப்பு வாங்குகிறவள் கையில்தான் கலைய வேண்டும். நாம் விற்கிற புடவைகளில் பாதி முகூர்த்தத்துக்குப் போகிறவை. இன்னொருத்தி கட்டி அவிழ்த்ததை மணையில் உட்காருகிறவளுக்குக் கொடுக்கமாட்டார்கள். உன் அப்பா எதற்கும் சட்டம் போடாத மனிதர். இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பு. ஒரு புதன்கிழமை, பாவு விஷயமாக அவர் சேவூர் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். நூலகத்திலிருந்து எடுத்துவந்த நான்கு தடித்த புத்தகங்களை ஜன்னல் படியில் அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, பத்து நொடி கழித்து எடுக்கும்படி செய்துவிட்டு, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி நின்றேன். முகம் தெரியக்கூடாதே. முந்தானை முதுகில் விரிந்து விழும்படி, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றிவைத்துவிட்டு. முந்தானை நழுவிக்கொண்டே இருந்ததால் தோளில் ஓர் ஊசி குத்தினேன்.

படம் எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதோடு அவிழ்த்து மடித்திருந்தால் ஒருவேளை உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். நான் அவிழ்க்கவில்லை. என் கல்யாணப் பட்டு உன் அத்தையின் கல்யாணத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப்பின் எனக்குப் பருத்தியே போதும் என்று இருந்துவிட்டேன். குறையாக இருந்ததில்லை. அன்று மட்டும் என்னவோ, ஜன்னல் படியில் அடுக்கியிருந்ததில் மேலே இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் அந்தப் புடவையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தேன். கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் கேட் சத்தம் கேட்டதும் பதறி அவிழ்த்தேன். பழைய மடிப்பின் கோடுகள் மேலேயே மடித்து, அதே நான்கு புத்தகங்களை மேலே ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்தேன். அந்தப் படத்தைக் கடையில் பார்த்துவிட்டு நீ, "யாரும்மா அது?" என்று கேட்டாய். பக்கத்துத் தெருப் பெண், முன்பு நாம் நெய்துகொடுத்த அதே மாதிரிப் புடவையை அவள் கட்டிக்கொண்டு நின்றாள் என்று சொன்னேன். நீ நம்பினாய். நம்பாமல் எப்படி இருப்பாய்? பட்டுக் கட்டிய முதுகோடு என்னை நீ பார்த்ததே இல்லையே.

சுகுணா அம்மா வாங்குவதற்கு முன்னால் போன் செய்தார். படத்தில் ஒருத்தி கட்டியிருக்கிறாளே, அதே புடவையா என்று நேராகக் கேட்டார். பெண்ணுக்கு முகூர்த்தம், அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். இல்லை, அது வேறு, இது தறியிலிருந்து இறங்கி மடிப்புக் கலையாதது என்றேன். ஒரு மூச்சில் வந்துவிட்டது. விற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னதல்ல அது. அந்தப் புடவையை இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "நான் கட்டினேன்" என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற ஒருத்தி எவ்வளவு தூரம் போவாள் என்று நிறையப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அன்று உதவிக்கு வரவில்லை.

திரும்பி வந்த பார்சலை அப்பாதான் பிரித்தார். நீ ஹாஸ்டலில் இருந்தாய். தோள்பட்டை வருகிற இடத்தை விரலால் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொசுவம் வருகிற இடத்தைத் தடவிப் பார்த்தார். என் கையில் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனார். அந்தப் புடவையை அன்று பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. முதலாளி கடைக்கே கொடுத்துவிட்டோம் என்று உன்னிடம் சொன்னதும் பொய்.

நீ சிரித்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாம்தூம் என்று குதிக்கவில்லை. தறி விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கே தெரியும்" என்றார். "விசேஷத்துக்குக் கட்டினது அப்பிடி இருக்காது. வேர்வை இருக்கும், சந்தனம் இருக்கும், கொசுவம் நசுங்கிப் போய் இருக்கும். இத்த ஒரு மணி நேரம் கட்டிகினு ஒரே எடத்துல குந்திகினு இருந்திருக்காங்க. அப்பிடி குந்தறது இந்த வூட்ல யாரு?"

"ஏங்க, அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." வேட்டியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். பிறகு, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். எதை என்று எனக்கு முதலில் புரியவில்லை. "புடவை. கட்டிகினு பாத்தியே. நல்லா இருந்துச்சா?"

நன்றாக இருந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம்தான், "அந்தம்மா கிட்ட யாரு பேசப் போறது?" என்றார்.

பழைய ஆர்டர்கள் எல்லாம் கடைக்குள்ளேயே இருக்கும், தேடினால் வரும் என்று நீதான் காட்டிக்கொடுத்தாய். எண்ணைத் தேடி எடுத்து மறுநாள் காலை கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் என்று சொன்னதும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் புடவையைக் கட்டியது நான், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்றதும் நின்றது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"தினம் பத்து ரவிக்கை தைக்கிறவ நான்" என்றார். "ஊசி போன ஓட்டை எது, தறியில நூல் விட்டுப்போனது எதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா உங்க பையன் எழுதினதைப் படிச்சிட்டு என் வூட்டுக்காரரே கேட்டாரு, நீ ஒருவாட்டி மேல போட்டுப் பாத்தியான்னு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை அவர் காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போனார். எந்தக் கடையில் புடவை பார்த்திருக்கிறோம் என்று சம்பந்தி வீட்டாருக்குப் பெருமையாக நம் கடையின் லிங்க்கை அவர் மகள்தான் அனுப்பியிருந்தாளாம். அவர்கள் பிறகு ஒருநாள் திரும்பவும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள். நீ எழுதியதைப் படித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அவசரமாக வேறு கடையில் வேறு புடவை எடுத்து, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் பெண் இன்றைக்கும் ஒரு புதுப்புடவை கட்டினால், மாமியார் வீட்டில் யாராவது ஒருத்தர், "எப்பம்மா திருப்பி அனுப்பணும்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். விளையாட்டுக்குத்தான். நான்கு வருடமாக அதே விளையாட்டு. அவள் பட்டு கட்டுவதையே விட்டுவிட்டாளாம்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். புதிதாக ஒரு புடவை நெய்துதரச் சொல்வார் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அப்பாவும் அதற்குத் தயாராக இருந்தார்.

"புடவை வாணாம்மா. என் காதுல வந்து சொன்னா அது எனக்கு மட்டும்தான். உங்க பையன் ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரில்ல? அவரு எழுதின அதே எடத்துல எழுதுங்க. உங்க பேரு போட்டு எழுதுங்க. கடைப் பேரு இல்ல, உங்க பேரு." மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு எழுதுங்க. அன்னிக்கு நாங்க எல்லாரும் சம்பந்தி வூட்டுக்கு விருந்துக்குப் போறோம். என் பொண்ணு போனை எடுத்து எல்லார் எதிர்லயும் படிக்கட்டும்."

சரி என்றேன். நம் கடையில் "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் இருக்கிறது, நினைவிருக்கிறதா? அதில் உன் படத்தைப் போடும்மா, இரண்டு வரி உன்னைப் பற்றி எழுதும்மா, ஆள் தெரிந்தால்தான் நம்பி வாங்குவார்கள் என்று எத்தனை முறை கேட்டிருப்பாய். ஊர்ப் பெயரையும் தறியின் படத்தையும் போட்டு ஒப்பேற்றினேன். கடையை நடத்துவது ஒரு பெண் என்பதே வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், பெயர் இல்லாத கடையில் பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. நீங்களும் உங்கள் கடையில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள், பிறகு நிரப்பலாம் என்று. பிறகு வேண்டாம். திறப்பதற்கு முன்னால் உன் பெயரையும் நவீன் பெயரையும், கூப்பிட்டால் நீங்களே எடுக்கிற ஓர் எண்ணையும் போடுங்கள். யாராவது கோபமாகக் கூப்பிடும்போது அது உன்னைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வைக்கும்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது அக்காவா என்று கேட்பார்கள். நீயும் நானும் சேர்ந்துதான் வளர்ந்தோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அம்மா சொல்வது பொய்யாக இருக்கும் என்று உனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதனால்தான் அவ்வளவு தைரியமாக அந்தப் பதிலை எழுதினாய். என் பக்கம் நின்று சண்டை போட்ட பிள்ளையிடம், நீ நின்ற பக்கம் தப்பு என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் "உம்" என்றேன். அந்த "உம்" வளர்ந்து வளர்ந்து இன்று உன் கடையின் நான்காவது பக்கத்தில் தடித்த எழுத்தில் நிற்கிறது. இனிமேல் உன்னிடம் எண்ணெய் வாங்கப்போகிற யாரோ ஒருத்தி, கசந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிப்பாள். அவள் பொய்க்காரியாகத்தான் இருப்பாள் என்று நீ தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாய். என்னால்.

எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்த நான்கு வருடத்தில் எனக்கே இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தியின் புடவையில் பாயசக் கறை. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்பாவைக் கேள், வேர்வையிலிருந்து ஆரம்பிப்பார். ஆனால் கண்டுபிடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பொருள் திரும்பி வந்து, அதை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். திருப்பியே எடுக்கமாட்டோம் என்றால் எதை வைத்துப் பார்ப்பாய்?

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எழுதி வைத்திருப்பது இதுதான்: "சுகுணா அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. புடவையில் ஊசித் துளை இருந்தது. அதைப் படத்துக்காகக் கட்டியது, இந்தக் கடையை நடத்தும் நான். அவர் வாங்கும்முன் கேட்டார், நான் பொய் சொன்னேன். அவர் அதைக் கட்டவில்லை. மேலே இருக்கும் பதிலை எழுதிய என் மகனுக்கு இது தெரியாது." கீழே என் முழுப் பெயர். ஆறு வரிதான். இரண்டு நாள் ஆயிற்று. முதலில் எழுதியதில் வழக்கம், வீடியோ, ஒரு மணி நேரம், புத்தகம் எல்லாம் இருந்தது. திண்டிவனத்துப் பெண் மாமியார் வீட்டில் உரக்கப் படிக்கப்போவது இது என்று நினைவு வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவளுக்கு அதெல்லாம் எதற்கு? அவையெல்லாம் இந்தக் கடிதத்துக்குள் இருக்கட்டும். இதை நீ நவீனுக்குக் காட்டலாம். கதையை யார் யாரிடம் சொன்னாயோ அவர்களுக்கும் காட்டலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடையின் பாஸ்வேர்டு உன்னிடமும் இருக்கிறது. இதைப் படித்த வேகத்தில் உள்ளே போய் உன் பதிலை அழித்துவிடாதே. அவர் எழுதியது மேலே, நீ எழுதியது அதன் கீழே, நான் எழுதியது அதற்கும் கீழே. நடந்த வரிசையிலேயே இருக்கட்டும். அழித்துவிட்டால் அந்தப் பெண் எதைக் காட்டி எதைப் படிப்பாள்? ஞாயிறு பத்து மணிக்கு நான் போட்டுவிடுவேன். பத்தேகாலுக்குப் போய்ப் பார். எனக்குக் கீழே இன்னும் ஒருவர் எழுத இடம் இருக்கும். அதில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தரப்போவதில்லை. போனில் படித்துக் காட்டி என்னிடம் சரியா என்றும் கேட்காதே. எழுதி முடித்த பிறகு உன் கடைக்குப் போய் நான்காவது பக்கத்தைத் திற.

அம்மா